கொலை வழக்கில் மரண காரணமும் குற்ற ஒப்புதலும்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் கூடிய நம் சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் படிப்பிக்கும் எமக்குச் சட்டத்தைப்பற்றிப் பேசுதற்கு என்ன தகுதி எனச் சிலர் ஐயுறக்கூடும். வக்கீல் தொழில் எம்முடையதன்று. எனினும் நூலொன்றன் பொருளைச் சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டுதல் எம் தொழிலாதலின், சட்ட நூலையும் அம்முறையானே பிரித்துக் காட்ட இசைந்தோம். இப்பொருளை யாம் விரும்பி எடுத்துக்கொண்டோம் அல்லேம். இம்மலையின் நிலைமையே இதனை எம் கையில் தந்தது.

2013-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆந்திர நாட்டுச் சேஷாசல வனத்தில் வனத்துறை அலுவலர் இருவர் தாக்கிக் கொல்லப்பட்டனர். அக்கொலையின்பொருட்டுச் செம்மரம் வெட்டச் சென்ற தமிழ்நாட்டுக் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டனர். அவருள் திருவண்ணாமலை மாவட்டத்தார் பலர். நம் மலையாரும் உளர். ஈராண்டிற்கு மேல் சிறையிற் கிடந்தபின், 2016-இல் திருப்பதி நீதிமன்றம் 287 பேரையும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என விடுவித்தது. அலுவலர் இருவர் மாண்டது மெய். அவர்தம் மனைவி மக்கள் அழுததும் மெய். எவர் கையால் மாண்டனர் என்பது மட்டும் நிறுவப்படாது நின்றது. 287 குடும்பங்கள் கஞ்சிக்கு வழியின்றி ஈராண்டு கழித்ததற்கு ஈடு செய்வார் எவருமிலர்.

கொலை வழக்கில் நீதிபதி முன் நிற்கும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவன. முதலாவது, இறந்தவர் இன்னார் என்பதும், அவர் இறந்தது மெய் என்பதும். அடுத்து, அச்சாவு எதனால் வந்தது? நோயாலா, பாம்பாலா, தம் கையாலா, பிறர் கையாலா? பிறர் கையால் எனின் அக்கை எவருடையது, அக்கையை ஏவிய எண்ணம் யாது என்பன பின்னர் வரும். நம் ஊர்களில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகின்றது. ‘யார் செய்தான்?’ என்றே முதலிற் கேட்கின்றோம். ஒருவன் அடி பொறுக்கமாட்டாமலோ அச்சத்தாலோ ‘நான் செய்தேன்’ என்றுவிட்டால், சாவு எப்படி நேர்ந்தது என்று வினவுவாரே இல்லை.

சிலப்பதிகாரம் கற்றோர் இதனை நன்கறிவர். பொற்கொல்லன் சொல்லொன்றையே கேட்டுப் பாண்டியன் காவலரை ஏவினான். கோவலனை அழைத்து ஒரு சொல் வினவினான் அல்லன். சிலம்போ கோவலன் கையிலேயே இருந்தது. அதனை உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அவ்வொரு நொடியைக் கண்ணகி வந்தபின்னரே அரசன் கொடுத்தான். உள்ளிருந்து தெறித்தது முத்தன்று, மாணிக்கம். சேக்கிழார் பெருமானும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கினைக் கூறுமிடத்து ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றினை எடுத்தோதுவர். அஃது அடிமை வழக்கு, கொலை வழக்கன்று. ஆயினும் மூல ஓலையைக் கொணர்ந்து, பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே அவ்வூர் அவையத்தார் முடிவு கூறினர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

வாய்ச்சொல்லை நம்பி உயிர் வாங்கியதற்கு மேனாட்டிலும் ஒரு வழக்குண்டு. 1660-இல் இங்கிலாந்தில் காம்டன் என்னும் ஊரில் ஹாரிஸன் என்னும் காரியஸ்தர் ஒருவர் காணாமற் போயினார். அவருடைய வேலையாளாகிய ஜான் பெர்ரி என்பவன், தன் தாயும் உடன்பிறந்தானும் அவரைக் கொன்றதாகக் கதையொன்று கூறினான். பிணம் எங்கும் கிடைத்திலது. ஆயினும் மூவரும் 1661-இல் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு ஹாரிஸன் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார்! தம்மைப் பிறர் கடத்திச் சென்று துருக்கியில் அடிமையாக விற்றனர் என்று அவர் கூறினார். அக்கதை மெய்யோ பொய்யோ, அவர் உயிரோடிருந்தது மெய். பெர்ரி ஏன் அவ்வாறு சொன்னான் என்பது இன்றுவரை எவர்க்கும் விளங்காத புதிர். இதனால், பிணம் கிடைக்காவிடில் கொலை வழக்கே இல்லை என்று கொள்ளற்க. பிற சான்றுகள் ஐயமறப் பொருந்துமாயின் உடல் கிடைக்காத வழக்கிலும் தண்டிக்கலாம் என நம் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் அத்தகைய வழக்கில் சான்றின் சுமை மிகப் பெரிது.

இனி நம் சென்னையிலேயே நிகழ்ந்த வழக்கொன்றைச் சற்று விரித்துரைப்போம். 1693-ஆம் ஆண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆலோசனைச் சபையாராக இருந்த ஜேம்ஸ் வீலர் என்பார்க்கு உடல் நலமில்லை. சாமுவேல் பிரௌன் என்னும் வைத்தியர் அவருக்கு முத்துப்பொடி கொடுக்கச் செய்தார். மருந்தை உண்ட வீலர் மாண்டார். முத்தை இடித்த கல்லுரல் முன்னர்ப் பாஷாணம் இடிக்கப் பயன்பட்டதாம். கழுவாது விட்டதன் விளைவு அது. பிரௌன் மறைத்தாரில்லை. தாமே வீலரைக் கொன்றுவிட்டதாகவும், தமக்குரிய தண்டனையை விதிக்கலாம் எனவும் கவர்னருக்கு எழுதினார். எட்வர்ட் பல்க்லி என்னும் மற்றொரு வைத்தியர் உடலை அறுத்துப் பார்த்து, சாவு பாஷாணத்தால் வந்தது எனக் கூறினார். இந்நாட்டில் வழக்கிற்காகப் பிணம் அறுத்துப் பார்த்ததாக ஏட்டில் உள்ளவற்றுள் இதுவே முதலாவது என்பர். ஒப்புதலும் உண்டு, நஞ்சும் உண்டு. எனினும் ஜூரிகள் வழக்கிற்கு இடமில்லை என்று பிரௌனை விடுவித்தனர். கொல்லும் எண்ணம் அங்கில்லையாதலின் அது கொலையாகாது. தாம் கொலை செய்ததாகச் சொன்ன பிரௌனுக்குச் சட்டத்தின்படி கொலை எது என்பது தெரியவில்லை. கற்றறிந்த வைத்தியர்க்கே இந்நிலை எனின், கைந்நாட்டு வைக்கும் நம் மலையார் ‘நான்தான் கொன்றேன்’ என்று அழுதுகொண்டு சொல்வதன் எடை எவ்வளவு?

மரண காரணம் எவ்வாறு நிறுவப்படுகின்றது என்பதை இனிப் பார்ப்போம். ஐயத்திற்கிடமான சாவு நேர்ந்தால் போலீஸார் வந்து, அவ்வூர்ப் பெரியோர் இருவர்க்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, உடலில் உள்ள காயங்களைக் கண்டு எழுதுவர். இது பிரேத விசாரணை. பாரதீய நாகரிக் சுரக்ஷா சங்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் இது 194-ஆம் பிரிவு. (பெயர் நம் நாவிற்கு ஏறாது, ஆயினும் 2024 ஜூலை 1 முதல் நடப்பது இதுவே.) பஞ்சாயத்தாராகக் கையெழுத்திடுவோர் உடலைத் தம் கண்ணால் பார்த்து, எழுதியதைப் படிக்கக் கேட்டபின்னரே கையெழுத்திடல் வேண்டும். நம்மவர் சிலர் பிணத்தைப் பார்க்க அஞ்சி மரத்தடியில் அமர்ந்தபடியே விரலை நீட்டிவிடுகின்றனர். நாளை அந்த ஏட்டில் இல்லாத காயமொன்று வழக்கில் வருமாயின், கையெழுத்திட்டவரே கூண்டில் நின்று விடை கூறல் வேண்டும்.

பிரேத விசாரணையின் பின் சர்க்கார் வைத்தியர் செய்வது பிரேத பரிசோதனை. இதனை நம் தாய்மார் ‘அறுப்பது’ என்று சொல்லி மிகவும் அஞ்சுவர். அவ்வச்சத்தை யாம் இகழோம். ஆயினும் அறுத்தறியாவிடில் மறைந்து போவன பல. கயிற்றில் தொங்கிய உடலை எடுத்துக்கொள்வோம். தானே தூக்கிட்டுக்கொண்டவர் கழுத்தில் தடம் பெரும்பாலும் மேல்நோக்கிச் சாய்ந்து, முடிச்சிருந்த பக்கத்தில் விட்டிருக்கும். பிறர் கயிற்றால் இறுக்கிக் கொன்று பின் தொங்கவிட்டாராயின், தடம் கழுத்தைச் சுற்றிலும் கிடையாய் ஓடும், உள்ளே தசையில் இரத்தம் கட்டியிருக்கும். வெளியில் நின்று பார்ப்பார்க்கு இரண்டும் ஒன்றே. நீரில் மிதந்த உடலும் அத்தகையதே. உயிரோடு வீழ்ந்தாரா, உயிர் போனபின் வீசப்பட்டாரா என்பதை நுரையீரல் ஓரளவு சொல்லும்.

இம்மலையடிவாரத்தில் ஒடுவந்தழையை அறியாதார் இல்லை. அத்தழையால் வரும் சாவு உடனே வருவதன்று. வாந்தியோடு தொடங்கி, உடலின் உப்புச் சத்துக் குறைந்து, இதயத் துடிப்பு நெறி கெட்டு, சில வேளை சில நாள் கழித்தே உயிர் போகும். ஆதலின் பார்ப்போர் அதனைக் காய்ச்சல் என்றும் சாமி குற்றம் என்றும் கருதிவிடுவர். ஒரோவழி, மருமகள் சோற்றில் ஏதோ கலந்தாள் என்ற பழியும் எழும். வைத்தியர் உள்ளுறுப்புகளை எடுத்து ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புவது இதற்காகவே. சென்னையில் அதற்கான பரிசோதனைச் சாலை 1849-லேயே தோன்றிற்று. பழி சுமந்த பெண்ணொருத்தியைக் காப்பதும், மெய்யாகவே நஞ்சிட்டவரைக் காட்டுவதும் அந்தச் சீசாவில் உள்ள உறுப்பேயாகும். ஆதலால் ஐயத்திற்கிடமான உடலை இரவோடிரவாக எரித்துவிடுதல், எவரைக் காக்கும் நோக்கத்தோடு செய்தாலும், ஒருவரையும் காவாது. புதைத்ததையாவது மாஜிஸ்திரேட்டின் ஆணையால் தோண்டிப் பார்க்கலாம்.

இதன் பயனை நம் மாவட்டத்தாரே கண்டனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அதே சேஷாசல வனத்தில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் தமிழர் 20 பேர் மாண்டனர். அவருள் 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தார். தம்மைத் தாக்க வந்தமையால் சுட்டோம் என்பது போலீஸார் கூற்று. உறவினர் சிலர், உடல்களை அடக்கம் செய்யாது நிறுத்தி, நீதிமன்றத்தை நாடினர். ஐதராபாத்திலிருந்த உயர்நீதிமன்றம் 6 உடல்களுக்கு மறு பிரேத பரிசோதனை செய்யுமாறு ஆணையிட்டது. குண்டு எத்திசையில் பாய்ந்தது, எவ்வளவு அண்மையில் சுடப்பட்டது, குண்டொழிந்த வேறு காயம் உண்டா என்னும் வினாக்களுக்கு விடை கூறவல்லது அவ்வுடல் ஒன்றே. துயரத்தின் நடுவே பிணத்தைக் காத்து நின்ற அப்பெண்டிர் செய்தது எளிய செயலன்று.

இனிக் குற்ற ஒப்புதல். போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராகச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளில் இருந்த இவ்விதி, இப்போது பாரதீய சாக்ஷ்ய அதினியம் என்னும் புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவில் உள்ளது. இவ்விதி எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழர் அறிந்துகொள்ளல் வேண்டும். கும்பினியார் ஆட்சியில் சென்னை ராஜதானியில் வரி வாங்கவும் ஒப்புதல் வாங்கவும் குடிகளைச் சித்திரவதை செய்தனர் என்ற முறை எழுந்து, அதனை ஆராயக் குழுவொன்று அமைக்கப்பட்டது. 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. விரலை மரச்சட்டத்தில் இறுக்கும் ‘கிட்டி’யும், கழுத்தைக் காலோடு கட்டிக் குனியவைக்கும் ‘அண்ணந்தா’ளும் அவ்வறிக்கையில் தமிழ்ப் பெயரோடேயே ஏறியுள்ளன. ஆறாண்டு கழித்து, 1861-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தில், போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்னும் விதி எழுதப்பட்டது. நம் முன்னோர் விரல் நொறுங்கியதும் அவ்விதிக்கு ஒரு காரணம் என்று கூறின் அது மிகையன்று.

இதற்கு ஒரு விலக்குண்டு. அதனை அறியாமையால் பலர் மயங்குவர். காவலில் உள்ளவன் சொன்ன செய்தியைக்கொண்டு ஏதேனும் கண்டெடுக்கப்படுமாயின், கண்டெடுத்த அதனோடு நேரே தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். குண்டூர் ஜில்லா சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில் அங்கு எழுந்த புலுகூரி கோட்டய்யா வழக்கில், 1946-ஆம் ஆண்டு இறுதியில் பிரிவி கௌன்ஸில் இதனை மிகத் தெளிவாக விளக்கிற்று. ‘என் வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்து வைத்திருக்கின்றேன்’ என்று ஒருவன் சொல்லக் கத்தி கிடைத்ததாயின், அவன் அறிய அவ்விடத்தில் கத்தி இருந்தது என்பது மட்டுமே மெய்ப்படும். ‘இதனால் இன்னாரைக் குத்தினேன்’ என அவன் சேர்த்துச் சொல்லியிருப்பினும், அத்தொடர் ஏற்கப்படாது. கூரையிலிருந்து எடுத்தது கத்தியையே அன்றிக் குத்தியதை அன்று. அக்கத்தியால் குத்தினான் என்பதை வேறு சான்றால் காட்டல் வேண்டும். இலக்கண ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் எழுவாயையும் பயனிலையையும் பிரிப்பதுபோல அத்தீர்ப்பு வாக்கியத்தைப் பிரித்திருப்பது எமக்குப் பெரிதும் உவப்பாயிற்று.

செல்லத்தக்க ஒப்புதல் மாஜிஸ்திரேட்டு முன் சொல்வது. அவர் முதலிற் செய்யவேண்டுவது எச்சரிக்கை: ‘நீ சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்’ என்று. தானாக மனம் ஒப்பிச் சொல்கின்றான் என அவர் நம்பவும் வேண்டும். அதனை ஏட்டின் அடியில் எழுதிக் கையொப்பமிடவும் வேண்டும். ‘எனக்குச் சொல்ல விருப்பமில்லை’ என்று அவன் அங்கே கூறிவிட்டால், அக்காரணம்பற்றி அவனை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்பலாகாது. புதிய சட்டத்தின் 183-ஆம் பிரிவில் இவையெல்லாம் உள. மாஜிஸ்திரேட்டு முன் வாய் திறவாதிருத்தல் குற்றமன்று என்பதையும், அடிபட்டிருந்தால் உடலைக் காட்டி அவரிடமே சொல்லலாம் என்பதையும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் ஊர் வழக்கத்தால் வரும் இடர் ஒன்றுண்டு. தகராறு எழுந்தால் நாட்டார் கூடி விசாரித்துத் தண்டம் விதித்தல் இம்மலையில் நெடுநாள் வழக்கம். கொலைக் காரியத்தில் அவ்வவையில் ஒருவன் ‘செய்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று காலில் விழுந்தால், அங்கிருந்த எவரும் பின்னர்ச் சாட்சி சொல்லக்கூடும். நாட்டார் போலீஸார் அல்லராதலின் முன் சொன்ன தடை அங்கில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னதும் அத்தகையதே. அவர் போலீஸ் அதிகாரி அல்லர் எனக் கொண்டு, உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் அத்தகைய ஒப்புதலை ஏற்றது. வனத்துறையார் திறத்தும் அவ்வாறு கூறும் தீர்ப்புகள் உள. ஆதலின் வனவர் முன் வைத்த கைந்நாட்டு வெறுங்கைந்நாட்டு என்று எண்ணியிருத்தல் பேதைமை. இத்தகைய ஒப்புதல் வலிவற்ற சான்று என்றும், வேறு சான்றின் துணை வேண்டும் என்றும் நீதிமன்றங்கள் பலகாலும் கூறியுள்ளனவாயினும், துணை கிடைத்துவிட்டால் அது கழுத்தைச் சுற்றும் கயிறே.

போலீஸாரிடம் சொன்னது செல்லும் என விதித்த சட்டமும் ஒரு காலத்தில் இருந்தது. தடா எனப்பட்ட அச்சட்டம் 1995-இல் காலாவதியாயிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஒப்புதல்கள் அச்சட்டப்படியே கொள்ளப்பட்டன. விசாரணை நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அவருள் 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்றும் நீக்கிற்று. பேரறிவாளன் ஒப்புதலை எழுதிய அதிகாரியே, அப்பொருள் எதற்கென அறியாது வாங்கித் தந்ததாக அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாது விட்டதாகப் பல்லாண்டு கழித்து 2013-இல் வெளியிட்டார். அவர் சிறையினின்று விடுதலையானது 2022-இல். எழுதுகோல் விட்ட ஒரு வரியின் நீளம் எத்தனை ஆண்டு என்று கணக்கிட்டுக்கொள்க.

இறுதியாக மொழியைப்பற்றி ஒரு சொல். ஆந்திர நாட்டில் பிடிபடும் நம்மவர் முன் நீட்டப்படும் தாள் பெரும்பாலும் தெலுங்கில் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவனை எம்மொழியில் வினவினரோ, கூடுமாயின் அம்மொழியிலேயே அவன் விடைகளை மாஜிஸ்திரேட்டு எழுதல் வேண்டும்; வேற்றுமொழியில் எழுதினால் அவனுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துக் கூறல் வேண்டும். ஆதலின் ‘எனக்குத் தமிழ் ஒன்றே தெரியும், தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வக்கீல் வைக்கப் பொருளில்லை என்று வருந்துதலும் வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பழங்குடியினர்க்கும் காவலில் உள்ளார்க்கும் வருமானம் எவ்வளவாயினும் வக்கீல் இலவசம். எந்த மாநிலத்தில் பிடிபட்டாலும் அது பொருந்தும். தொலைபேசியில் 15100 என்னும் எண்ணை அழைத்தாலும் வழி சொல்வர். கூலிக்கு மலையிறங்குவோர் வீட்டிலே, மாட்டுத்தொழுவச் சுவரிலேனும், இவ்வெண்ணைக் கரியால் எழுதி வைத்துச் செல்க.